டாங்கித் தடத்தின் வயது: யூமாவிலிருந்து கூல்கார்டி மேசா வரை

நாள் 1: யூமா, அரிசோனா

அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் விட்டுப்போன காயத்தை எப்படி அளப்பது என்று பார்த்துக்கொண்டே போகும் ஆறு நாள் சாலைப் பயணம் இது. ராணுவம் பாலைவனத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறது. ஒன்று சோதனை, மற்றது பயிற்சி. சோதனை என்றால் ஒரே மேடையிலிருந்து ஒரே இலக்கை நோக்கி வருடக்கணக்காகப் பீரங்கி சுடுவது, ஒரே தடத்தில் வண்டியை ஓட்டி ஓட்டித் தேய்ப்பது. பாதிப்பு சின்ன இடத்தில் விழும், ஆனால் ஆழமாக விழும். பயிற்சியில் ஒரு படைப்பிரிவு முழுவதும் திறந்த வெளியில் உருண்டு போகிறது. பாதிப்பு மெல்லியதுதான், ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டையும் ஒரே முறையில் அளக்கப் போனால் இரண்டுமே தப்பாக வரும்.

யூமா சோதனைத் தளம் முதல் வகை. பரப்பு சுமார் 3,400 சதுர கிலோமீட்டர். வருட மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. பீரங்கி, கவச வண்டி, பாராசூட் என்று எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துதான் சோதித்துப் பார்க்கிறார்கள். யு.எஸ். 95 நெடுஞ்சாலை தளத்தை ஒட்டியே போகிறது. சாலையிலிருந்து பார்க்கலாம், எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் காலெடுத்து வைக்கக் கூடாது.

இந்த மாதிரி இடத்தில் முதல் கேள்வி, மண்ணில் வெடிமருந்து எவ்வளவு இருக்கிறது என்பதுதான். சரியாக வெடித்த குண்டு தன்னுள் இருக்கும் டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிமருந்தை ஏறக்குறைய முழுவதுமாக எரித்துவிடும். அரைகுறையாக வெடித்த குண்டுதான் சிக்கல். அது மருந்தைக் கட்டிகட்டியாகவும் துகள்களாகவும் சிதறிவிட்டுப் போகும். அதனால் மருந்து மண்ணில் சீராகப் பரவியிருக்காது. ஓரிடத்தில் அள்ளிய மண்ணில் ஒன்றுமே இருக்காது. ஓரடி தள்ளி அள்ளினால் ஒரு துகள் மாட்டி, அளவு எங்கோ போய் நிற்கும். ஐந்தாறு இடத்தில் அள்ளி சராசரி போட்ட பழைய அறிக்கைகள் பலவும் இதனால்தான் நம்பிக்கைக்கு உரியவை அல்ல.

சரியான முறைக்கு 'பல துளி மாதிரி எடுத்தல்' என்று பெயர், அதாவது பல இடத்து மண்ணைத் துளித்துளியாக எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. ராணுவப் பொறியாளர் படையின் குளிர்ப்பகுதி ஆய்வகம் வெடித்தளங்களில் இதை உழைத்து உருவாக்கியது. 2006-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 8330பி சோதனை முறைக்குள்ளும் வந்துவிட்டது. முதலில் எந்தப் பரப்பைப் பற்றி முடிவு எடுக்க வேண்டுமோ அதை வரையறுக்க வேண்டும். அதற்குள் சீரான இடைவெளியில் நடந்து 30 முதல் 100 இடங்களில் மேல் 2.5 சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சின்னக் குழாயால் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பையில் போட வேண்டும். பை ஒரு கிலோவாவது வரும். பிறகு வேறு இடத்திலிருந்து நடையைத் தொடங்கி இன்னொரு பை, மறுபடி இன்னொன்று. இந்த மூன்று பைகளின் முடிவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வெகுதூரம் விலகினால் துளிகளின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும்.

களத்தில் ஒழுங்காகச் செய்துவிட்டு ஆய்வகத்தில் கோட்டை விடுவதும் நடக்கும். பையைத் திறந்து மேலாக ஒரு கரண்டி எடுத்துச் சோதித்தால் அத்தனை நடையும் வீண். மண்ணைக் காற்றில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, சலித்தது முழுவதையும் மாவாக அரைக்க வேண்டும். அரைத்ததைத் தட்டில் பரப்பி, 30 இடத்தில் கிள்ளி எடுத்து 10 கிராம் சேர்க்க வேண்டும். பீரங்கி நின்று சுட்ட இடத்து மண்ணானால் இன்னும் கவனம் தேவை. அங்கே இருப்பது குண்டைக் குழலிலிருந்து தள்ளும் உந்துமருந்தின் நார்த்துகள்கள், நைட்ரோகிளிசரின் ஊறியவை, எளிதில் பொடியாகாதவை. ஒரு நிமிடம் அரைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு நிமிடம் என்று ஐந்து முறை. ஆறவிடாமல் அரைத்தால் சூட்டில் மருந்து போய்விடும், மண் சுத்தமாக இருப்பதாகப் பொய்யான முடிவு வரும்.

குண்டு விழுந்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு. சுட்டு மிஞ்சிய உந்துமருந்துப் பைகளைத் தரையில் கொட்டி எரிக்கும் மூலை. பல தளங்களில் மிகக் கூடிய அளவு அங்கேதான் கிடைத்திருக்கிறது.

யூமாவில் செறிவு குறைந்த யுரேனியக் குண்டுகளும் சுடப்பட்டன. துருப்பிடித்தால் மேலே மஞ்சளாகப் பொடி படியும் உலோகம் அது. மழை இவ்வளவு குறைவாக இருக்கும் ஊரில் அது எங்கே போய்விடும் என்று தோன்றலாம். வருடத்தில் ஒரு நாள் கொட்டும் கோடை மழையில் வறண்ட ஓடைகள் கரைபுரண்டு ஓடும், கல்லையும் உலோகத்தையும் சேர்த்தே உருட்டிக்கொண்டு போகும். ஆகவே இலக்குப் பகுதியை மட்டும் சோதித்தால் போதாது. கீழே ஓடை வண்டலையும், மேலே குண்டே விழாத ஓடையின் வண்டலையும் சேர்த்து எடுக்க வேண்டும். யுரேனியம் இயற்கையாகவே எந்த மண்ணிலும் கொஞ்சம் இருக்கும். மேலோடை எண் இல்லாமல் கீழோடை எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

நாள் 2: சிரியாக்கோ சமிட், கலிஃபோர்னியா

யூமாவிலிருந்து குவார்ட்சைட் வரை வடக்கே, அங்கிருந்து ஐ-10 பிடித்து மேற்கே. இன்றைக்கு ஓட்டம்தான் அதிகம், எழுத விஷயம் கொஞ்சம்.

1942-இல் ஜெனரல் பேட்டன் வட ஆப்பிரிக்கப் போருக்கு ஆட்களைத் தயார் செய்யப் பாலைவனப் பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். தலைமை முகாம் கேம்ப் யங் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு அது கலிஃபோர்னியா, அரிசோனா இரண்டிலும் பரவி சுமார் 18,000 சதுர மைல் ஆயிற்று. 1944-இல் மூடினார்கள். அதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இங்கே பயிற்சி பெற்றுவிட்டார்கள். 1988-இல் திறந்த பேட்டன் நினைவு அருங்காட்சியகத்தின் முற்றத்தில் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஐந்து டன் எடையுள்ள நிலவடிவ மாதிரி இருக்கிறது. கொலராடோ ஆற்றுக் கால்வாய்க்குப் பாதை பார்க்க அந்தக் காலத்தில் செய்தது. அதன் மேல் குனிந்து மலைச்சரிவுகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள சமவெளிகளையும் பார்த்துவிட்டுப் போனால் நாளைக்கு அயர்ன் மௌன்டன் சுலபமாகப் புரியும்.

டேப் ஒன்று கையில் இருந்தால் முற்றத்து டாங்கிகளின் சங்கிலிப் பட்டை அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். களத்தில் அது தேவைப்படும். இந்தப் பாலைவனத்தின் சில பகுதிகளில் இரண்டு காலத்துத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. 1942-44 காலத்தவை ஒன்று. 1964 மே மாதம் நடந்த 'டெசர்ட் ஸ்ட்ரைக்' என்ற மாபெரும் ஒத்திகையின் தடங்கள் இன்னொன்று. பேட்டன் காலத்து எம்3 டாங்கியின் பட்டை சுமார் 42 சென்டிமீட்டர். 1964-இல் ஓடிய எம்48, எம்60 வகைகளின் பட்டை 71 சென்டிமீட்டர். இதைப் பிரிக்காமல் எல்லாத் தடத்துக்கும் ஒரே வயது போட்டால், மண் மீளும் வேகம் உண்மைக்கு மாறாக வரும்.

ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தப் பாலைவனம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் இதில்தான் இருக்கிறது. இங்கே காயத்தின் தேதி தெரியும். 1942-க்கு முன் நிலம் எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை, அது பெரிய குறைதான். ஆனால் தடத்துக்குப் பத்தடி தள்ளி, சக்கரமே படாத அதே மண் இன்றைக்கும் கிடக்கிறது.

நாள் 3: அயர்ன் மௌன்டன்

டெசர்ட் சென்டரில் ஐ-10-ஐ விட்டு 177-ஆம் எண் சாலையில் வடக்கே போய் 62-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். டுவென்டிநைன் பாம்ஸ் போய்ச் சேரும்வரை பெட்ரோல் கிடையாது, போன் சிக்னலும் பெரும்பாலும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

கால்வாயின் பம்ப் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பழைய அயர்ன் மௌன்டன் முகாம். இருந்த முகாம்களில் நன்றாக மிஞ்சியிருப்பது இதுதான். கூடாரங்கள் போய்விட்டன. கல் அடுக்கி ஓரம் கட்டிய நடைபாதைகளும், கல்லால் கட்டிய பலிபீடங்களும், வேலி போட்ட பெரிய நிலவடிவ வரைபடமும் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் ஒரு தோட்டா உறையைக்கூட எடுக்கக் கூடாது. மண்ணில் கருவி குத்துவதற்கும் நில மேலாண்மைத் துறையின் அனுமதி வேண்டும். வெடிக்காத குண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்புங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தள்ளி வந்து 911 என்ற அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள். ரேடியோவோ போனோ அதன் பக்கத்தில் நின்று பேச வேண்டாம்.

டாங்கித் தடத்தை உச்சி வெயிலில் தேடினால் கிடைக்காது. காலை எட்டு மணிக்குள், அல்லது சாயங்காலம் நிழல் நீளும்போது வாருங்கள். முதலில் தொடாத தரையைப் பாருங்கள். கருப்பு மெருகேறிய கற்கள் நெருக்கமாகப் பாவிக் கிடக்கும், ஒரே ஒரு கல் கனத்துக்கு. ஒரு கல்லைத் தூக்கினால் கீழே கல்லே இருக்காது. வெளிர்நிற நைந்த வண்டல்தான் இருக்கும். அதை உடைத்துப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி துளைத்துளையாகத் தெரியும். காற்று கொண்டுவந்த தூசி ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கற்களுக்கு இடையில் இறங்கி, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உண்டான அடுக்கு அது. அந்தத் துளைகள் காற்றடைத்த குமிழிகள்.

இப்போது தடத்தைப் பாருங்கள். கற்கள் வண்டலுக்குள் அமுங்கியிருக்கின்றன, சில புரண்டு கிடக்கின்றன. கல்லின் கருப்பு மெருகு மேல்பக்கம்தான், அடிப்பக்கம் ஆரஞ்சு நிறம். விமானப் படத்தில் தடம் வேறு நிறக் கோடாகத் தெரிவதற்கு இந்தப் புரட்டலும் ஒரு காரணம். கீழே குமிழிகள் நசுங்கிப்போயின. சுமார் 27 டன் டாங்கி ஒரே ஒரு தரம் கடந்து போன இடம் இது. தடம் நேராகப் போகும் இடத்தில் அமுக்கம் மட்டும்தான். திரும்பும் இடத்தில் கதையே வேறு. டாங்கிக்குக் காரைப் போலத் திரும்பும் முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் சங்கிலியைப் பிடித்து, மறுபக்கத்தை ஓடவிட்டுத்தான் திரும்பும். அப்போது பட்டை பக்கவாட்டில் இழுபட்டு மண்ணைச் செதுக்கிக் குவிக்கும், புதரை வேரோடு பிடுங்கும். ஒரு நிலத்தின் பாதிப்பைக் கணக்கிடும்போது டாங்கி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட எத்தனை முறை கூர்மையாகத் திரும்பியது என்பது முக்கியம். இன்றைய ஆப்ரம்ஸ் டாங்கி 60 டன்னுக்கும் மேல். திருப்பத்தின் சேதம் அந்த எடையோடு சேர்ந்து கூடும்.

அமுக்கத்தை அளக்கும் கருவி பெனட்ரோமீட்டர். 30 டிகிரி கூம்பு முனை உள்ள எஃகுக் கம்பி, மேலே விசை காட்டும் கடிகாரம் அல்லது பதிவுப் பெட்டி. கெட்டி மண்ணுக்கு அடிவிட்டம் 12.8 மில்லிமீட்டர் உள்ள சின்னக் கூம்பு. நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரே சீராக அழுத்த வேண்டும். 20 சென்டிமீட்டர் ஆழம் வரை படிப்படியாக எண்ணைக் குறிக்க வேண்டும். தடத்தில் ஒரு குத்து, உடனே பக்கத்துத் தொடாத மண்ணில் ஒரு குத்து என்று ஜோடி ஜோடியாக எடுப்பதுதான் முறை. தடம் முழுவதையும் முதலில் முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் ஒப்பீட்டு நிலத்துக்குப் போனால் அதற்குள் மண்ணும் காய்ந்திருக்கும், ஆளும் களைத்திருப்பார்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். முதலாவது கல். கூம்பு கல்லில் முட்டினால் எண் திடீரென்று எகிறும். அந்தக் குத்தைக் கழித்துவிட்டு ஒரு சாண் தள்ளிக் குத்த வேண்டும், கழித்ததையும் பதிவில் எழுத வேண்டும். கல் அதிகமுள்ள பக்கத்தில் கழிவும் அதிகமாகும், அதை மறைத்தால் ஒப்பீடே கோணலாகிவிடும். இரண்டாவது ஈரம். ஒரே மண் காய்ந்திருக்கும்போது ஈரத்தில் இருந்ததைவிடப் பலமடங்கு கெட்டியாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் கைப்பிடி மண்ணை மூடிய டப்பாவில் எடுத்துப்போய் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி ஈரத்தைக் கணக்கிட வேண்டும். குளிர்கால மழை நின்று மண் ஒரே சீராக ஈரமாக இருக்கும் வாரங்கள்தான் இதற்கு ஏற்றவை. மார்ச் பிறந்த பிறகு அவசரப்பட வேண்டும்.

கலிஃபோர்னியாவின் கிழக்கு மொஹாவி பாலைவனத்தில் 1981-இல் ஏழு இடங்களில் இப்படி அளந்தார்கள். எம்3 டாங்கி ஒரே தரம் போன தடத்தில், மேல் 20 சென்டிமீட்டரில் கூம்புக்கு மண் காட்டும் எதிர்ப்பு பக்கத்து மண்ணைவிடச் சராசரியாக 50 சதவிகிதம் கூடுதல். முகாமின் மண் சாலைகளில் 73 சதவிகிதம். நாற்பது வருடம் கழித்து எடுத்த எண் இது. அதே இடங்களில் மண்ணின் அடர்த்தியை எடைபோட்டுப் பார்த்தபோது வேறுபாடு சின்னதாகவே வந்தது. அடர்த்தியை மட்டும் அளந்திருந்தால் 'மண் சரியாகிவிட்டது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எதை அளக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

கைவிட்ட சுரங்க ஊர்களையும் முகாம்களையும் வைத்துப் போட்ட கணக்குகளில், கடுமையாக இறுகிய மொஹாவி மண் தளர்ந்து பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகிறது. மண்ணைத் தளர்த்துவது உறைபனியும், நனைந்து காய்தலும், வேரும், வளை தோண்டும் பிராணிகளும்தான். உயரம் குறைந்த, உறைபனி விழாத சமவெளிகளில் இந்தக் கைகளில் ஒன்று குறைந்துவிடுகிறது.

முகாமில் செடிகளைப் பார்க்கும்போதும் கண் ஏமாறும். பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தச் செடி? வெளியே தொடாத நிலத்தில் கிரியோசோட் புதரும் வெண்புதரும் ஆட்சி செய்கின்றன. முகாமின் பழைய தெருக்களில் குறுகிய ஆயுள் உள்ள, கிளறிய மண்ணை விரும்பும் புதர்கள் அதிகம். மொத்தப் பசுமைப் பரப்பை மட்டும் எண்ணினால் இந்த மாற்றம் எண்ணில் விழாது. இனம்வாரியாக எண்ணத்தான் வேண்டும்.

அதற்கு ராணுவமே 1980-களில் ஒரு முறை வகுத்தது. நிலநிலைப் போக்கு ஆய்வு என்று பெயர். 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்தில் நிரந்தரத் துண்டுகள். இடத்தை ஆள் தேர்ந்தெடுப்பதில்லை. மண் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் வைத்துக் குலுக்கலில் விழுகிறது. நடுவில் டேப்பை இழுத்து, மீட்டருக்கு ஒரு முறை கம்பியை நேராக இறக்கி, கீழே என்ன தொடுகிறது என்று எழுத வேண்டும்: வெறும் மண், கல், சருகு, செடி, சக்கரத் தடம். பிறகு 6 மீட்டர் பட்டைக்குள் மரத்தண்டு உள்ள செடி ஒவ்வொன்றையும் இனத்தோடும் உயரத்தோடும் எண்ண வேண்டும். ஆள் மாறினால் எண் மாறும் என்பதுதான் இதன் பலவீனம். டேப் காற்றில் வளைந்தால் அடுத்த வருடம் கம்பி வேறு இடத்தில் இறங்கும். அதனால் இரு முனையிலும் இரும்பு முளை அடித்து வைக்கிறார்கள். பயிற்சி நடக்காத நிலத்திலும் இதே துண்டுகள் இல்லாவிட்டால், மழை பொய்த்த வருடத்தின் வாட்டத்தை டாங்கியின் கணக்கில் எழுதிவிடுவோம். மழை கொட்டிய வருடத்தில் டாங்கியின் சேதம் பூக்களுக்குள் மறைந்துவிடும்.

நாள் 4: டுவென்டிநைன் பாம்ஸ், ஜான்சன் வேலி

புதர்களுக்கு இடையில் உள்ள வெறும் மண் உண்மையில் வெறும் மண் அல்ல. மேலே கருமையாக, மிகச் சன்னமாக ஒரு தோல் இருக்கும். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிரின் இழைகள், லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்வது), பாசி சேர்ந்த உயிர்த்தோல். மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைப்பதும், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் இதுதான். ஒரு சின்னத் துண்டை ஊசிமுனையால் மெல்லத் தூக்கினால் மணல் பருக்கைகள் கண்ணுக்குத் தெரியாத நூலில் தொங்குவது தெரியும். காலடி பட்டாலே காய்ந்த தோல் நொறுங்கும்.

தோல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பதினெட்டு அறை உள்ள ஒரு பெட்டி, அறைக்கு ஒரு சின்னச் சல்லடை, காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். 6 முதல் 8 மில்லிமீட்டர் அளவுள்ள காய்ந்த மண் துண்டைச் சல்லடையில் வைத்துத் தண்ணீரில் விடுங்கள். ஐந்து வினாடிக்குள் பாதி கரைந்தால் ஒன்றாம் வகுப்பு. 30 வினாடிக்குள் என்றால் இரண்டு. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று. ஐந்து நிமிடமும் தாங்கினால் சல்லடையை ஐந்து முறை மேலே தூக்கி முக்க வேண்டும். மிஞ்சுவது கூடக் கூட வகுப்பும் ஏறும், முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சினால் ஆறாம் வகுப்பு, அதுவே மிக உறுதி. புதரடி மண்ணையும் திறந்தவெளி மண்ணையும் தனித்தனியாகக் குறியுங்கள், புதரடி பெரும்பாலும் கூடுதல் உறுதியாக இருக்கும். துண்டு ஈரமாக இருந்தால் சோதனை செல்லாது, உலர்ந்த பிறகே செய்ய வேண்டும்.

பேட்டன் காலத்துத் தடங்களில் இந்தத் தோலையும் பார்த்திருக்கிறார்கள். சயனோபாக்டீரியா ஓரளவு திரும்பியிருக்கிறது. லைக்கன் மிகக் குறைவாகவே திரும்பியிருக்கிறது. திறந்தவெளியில் அது முழுதும் மீள ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகும் என்று கணிப்பு உண்டு. மண் தளர நூறு, தோல் மூட ஆயிரம். மீட்சி என்று ஒரே சொல்லில் எழுதும் அறிக்கை எதைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

டுவென்டிநைன் பாம்ஸில் இருப்பது அமெரிக்க மரைன் படையின் பயிற்சித் தளம். 2013 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் மேற்கே ஜான்சன் வேலிக்குள் விரிந்தது. 247-ஆம் எண் சாலையில் போனால் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே போகலாம். இந்தப் பக்கத்தில்தான் ஒரே வேரிலிருந்து வட்டமாக விரிந்து வளர்ந்த கிரியோசோட் வளையம் ஒன்று இருக்கிறது, வயது சுமார் 11,700 ஆண்டு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கிங் குளோன் என்பார்கள். கிரியோசோட் புதரை வண்டி ஏற்றி நசுக்கினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், பிடுங்கினால் துளிர்க்காது. அறிக்கையில் 'சேதமான புதர்' என்று ஒரே கட்டத்தில் இரண்டையும் போடக் கூடாது.

நாள் 5: பார்ஸ்டோ, ஃபோர்ட் இர்வின்

ஃபோர்ட் இர்வின் வாசலுக்கு வெளியே பாறைக் குன்றில் இங்கே பயிற்சி எடுத்துப் போன படைப்பிரிவுகள் தங்கள் சின்னத்தை வண்ணத்தில் தீட்டியிருக்கின்றன. உள்ளே இருப்பது தேசியப் பயிற்சி மையம், 1980-களின் தொடக்கத்திலிருந்து கவசப் படைகள் முழு அளவில் மோதிப் பார்க்கும் இடம். 2001-இன் சட்டம் ஒன்று இதை விரிவாக்கியது. விரிவான நிலத்தில் இருந்தது பாலைவன ஆமை.

இந்த ஆமை 1990-இல் அழிவு அச்சுறுத்தல் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. வாழ்நாளில் பெரும்பகுதி வளைக்குள். முட்டையிடும் வயதுக்கு வரவே பன்னிரண்டு முதல் இருபது வருடம். அதனால் குஞ்சுகளைவிட, வளர்ந்த ஆமை ஒன்று போனாலும் இழப்பு பெரிது. காக்கை இனத்து ரேவன் குஞ்சுகளைக் கொத்தித் தின்னும். குப்பைத் தொட்டியும் கசியும் குழாயும் உள்ள இடத்தில் ரேவன் பெருகும். ஆகவே ராணுவ முகாமின் பாதிப்பு டாங்கியோடு முடிவதில்லை. மூடி இல்லாத குப்பைத் தொட்டியும் கணக்கில் வர வேண்டும்.

ஆமையைத் தேடும் முறை: பத்து மீட்டர் அகலப் பட்டைகளாக நிலம் முழுவதும் நடப்பது. அரைவட்ட வாய் உள்ள வளை, எச்சம், ஓட்டுத் துண்டு எல்லாம் குறிப்பில் வர வேண்டும். பரந்த நிலத்துக்கு 12 கிலோமீட்டர் கோடுகளில் நடந்து, கண்ட ஆமை கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று அளக்கிறார்கள். தூரம் கூடக் கூடக் கண்ணில் படுவது குறையும், அந்தக் குறைவை வைத்துத் தவறவிட்டதைக் கணக்கிடலாம். வளைக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது? ரேடியோ பொருத்திய ஆமைகள் சிலவற்றை அதே நாளில் போய்ப் பார்த்து, எத்தனை பங்கு வெளியே இருந்தன என்று தெரிந்துகொண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டின் நீளம் 180 மில்லிமீட்டருக்குக் கீழுள்ளவற்றை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணில் தப்புவது அதிகம்.

ஆமையைத் தூக்குவதற்குக் கடுமையான விதிகள் உண்டு. தரைக்கு 5 சென்டிமீட்டர் மேலே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தொடவே கூடாது. ஒவ்வொரு ஆமைக்கும் புதுக் கையுறை, ஏனென்றால் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுக்குழல் நோய்க்கிருமி கையால் பரவும். பயந்தால் ஆமை சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடும். கோடை முழுவதற்கும் அது சேர்த்து வைத்த தண்ணீர் அதுதான். அப்படிப் போனால் ஆழம் குறைந்த தண்ணீர்த் தட்டில் வைத்துக் குடிக்கவிட்ட பிறகுதான் விட வேண்டும். இங்கே வண்டியை நிறுத்தி எடுக்கிறவர்களும் ஒவ்வொரு முறையும் குனிந்து சக்கரத்தடியில் பார்த்துவிட்டே கிளப்ப வேண்டும். நிழலைத் தேடி ஆமை அங்கே வந்துவிடும்.

2008 வசந்தத்தில் தெற்கு விரிவாக்கப் பகுதியிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ஆமைகளை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே நிறைய ஆமைகளைக் கயோட்டி நரிகள் கொன்றன. இடம் மாற்றியதுதான் கொன்றது என்று எழுதுவது சுலபம், பலர் எழுதினார்கள். ஆனால் அந்த ஆய்வில் மூன்று கூட்டம் ஆமைகளுக்கு ரேடியோ பொருத்தியிருந்தார்கள்: கொண்டுவந்து விட்டவை, அந்த இடத்திலேயே முன்பிருந்து வாழ்ந்தவை, தொலைவில் யாரும் தொந்தரவு செய்யாதவை. மூன்று கூட்டத்திலும் கயோட்டிச் சாவு ஒரே அளவுக்கு உயர்ந்திருந்தது. மொஹாவியின் வேறு இடங்களிலும் அதே நிலைதான். வறட்சியில் முயலும் எலியும் குறைந்து, கயோட்டி ஆமையின் பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாவது கூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதனால் இடமாற்றம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. புது இடத்தில் ஆமை முதல் வருடம் வெகுதூரம் அலைகிறது, வளை தெரியாமல் வெயிலில் மாட்டுகிறது. அதனால் வேலி முக்கியம். இரண்டடி உயரக் கம்பிவலை, கீழே ஓரடி மண்ணுக்குள். ஓடை குறுக்கிடும் இடத்தில் முதல் வெள்ளத்திலேயே வலை பிய்ந்துபோகும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் யாராவது நடந்து பார்த்தால்தான் அது வேலி. மழை முடிந்து எத்தனை நாளுக்குள் பார்ப்பார்கள் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறதா, முதலில் அதைத் தேடுங்கள்.

நாள் 6: கூல்கார்டி மேசா

பார்ஸ்டோவுக்கு வடக்கே, ஃபோர்ட் இர்வினுக்குத் தெற்கே, கருங்கல் உதிர்ந்த மணல் மேடு. வண்டி மெல்லத்தான் போக வேண்டும். இங்கேயும் இதைச் சுற்றியும் மட்டுமே வாழும் ஒரு செடி இருக்கிறது: லேன் மௌன்டன் மில்க்வெட்ச், அவரைக் குடும்பம். 1998-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். உலகில் வேறெங்கும் கிடையாது.

சுலபத்தில் கண்ணில் படாது. தனியாக நிற்காது, இன்னொரு புதருக்குள் முளைத்து அதன் கிளைகளைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். மெல்லிய, வளைந்து நெளிந்த தண்டு, சாம்பல் பூத்த சின்ன இலை. தாங்கும் புதர் செத்துப்போனால் இதற்கும் இடமில்லை. அதனால் இந்தச் செடியின் மேல் சக்கரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது போதாது, சுற்றியுள்ள சாதாரணப் புதர்களின் உடல்நலமும் கணக்கில் வர வேண்டும்.

அங்கேதான் தூசி வருகிறது. வண்டி வரிசை போகும் சாலையோரப் புதர்களின் இலைமேல் படியும் தூசி, இலைத்துளையை அடைத்து மூச்சைக் குறைக்கும், இலையின் சூட்டையும் கூட்டும். அளக்க வேண்டுமானால் சாலையிலிருந்து வெவ்வேறு தூரத்தில், காற்று வரும் பக்கமும் போகும் பக்கமும், தூசிப் பொறிகளைக் கம்பத்தில் மாட்டுங்கள். பக்கத்திலுள்ள புதரின் இலையைக் கழுவி வடிகட்டி எடைபோடுங்கள். காற்று வரும் பக்கத்துப் பொறியை விட்டுவிட்டால் பாலைவனத்தின் இயல்பான தூசியும் வண்டியின் தூசியும் கலந்துபோகும். மழைக்குப் பிறகு இரண்டொரு வாரம் காத்திருந்து எடுத்தால் பழைய தூசி கழுவப்பட்டு, புதிதாகப் படிந்தது மட்டும் கிடைக்கும்.

எண்ணுவதற்கு ஏப்ரல், மே மாதங்கள் சரி, அதுவும் குளிர்கால மழை நன்றாகப் பெய்திருந்தால் மட்டுமே. வறண்ட வருடத்தில் இந்தச் செடி தண்டே விடாமல் வேரில் ஒடுங்கிக் கிடக்கும். அந்த வருடம் நடந்துபோய் 'இல்லை' என்று எழுதினால், உயிரோடு இருக்கும் செடிகளின் நிலத்தையே பயிற்சிக்குத் திறந்துவிட்டதாக ஆகும். ஆகவே கண்ட செடி ஒவ்வொன்றுக்கும் தாங்கும் புதரின் அடியில் எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டி, ஜி.பி.எஸ். புள்ளி எடுத்து வைக்க வேண்டும். பூஜ்யம் வந்த வருடத்தில் அதே தகடுகளைத் தேடிப் போக வேண்டும். அடுத்த நல்ல மழைக்கு மறுபடி போய், எத்தனை தகட்டில் தண்டு திரும்பியது என்று பார்த்த பிறகே செத்தவற்றின் எண்ணிக்கையை எழுத வேண்டும்.